ஹாஜியாரின் கடிகாரமும் ஜெயந்தியின் குறிப்புகளும்

உங்கள் மேலாளர் போன வாரம் எனக்குப் போன் செய்து, "புதுசா சேர்ந்தவங்களுக்கு நீங்க ஏதாவது எழுதிக் கொடுக்கணும் சார். உங்க சாதனைகளைப் பத்தி எழுதுங்க" என்றார். முப்பது வருடம் சர்வர் அறைக் குளிரில் நடுங்கியதைத் தவிர என்ன சாதித்தேன் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. செய்த தப்புகளோ "என்னைச் சொல்லு, என்னைச் சொல்லு" என்று முண்டியடித்துக்கொண்டு வருகின்றன. சரி, அவற்றில் தலையாய தப்பையே சொல்லிவிடுகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். நானே இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு அழுகை வந்தது.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் கடைசியாக வேலை பார்த்தது சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில், கப்பல்களுக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு கடையில். கடை என்று சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும், கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ஹாஜியார். அவருடைய பாட்டனார் நாகப்பட்டினத்திலிருந்து வந்து கயிறும் கொக்கியும் விற்ற இடம் அது. கீழே கவுண்டர், மேலே இரண்டு மாடி நிறைய அலமாரி, அதற்கு மேலே ஒரு மூலையில் என் சர்வர் அறை.

சின்ன வாஷரிலிருந்து பெரிய பம்ப் வரை எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று மனிதனால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அதற்காக மூன்று சர்வர்களைச் சேர்த்து ஒரு தேடல் தரவுத்தளம் அமைத்திருந்தேன். மூன்றும் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். ஒன்று படுத்துவிட்டால் மற்ற இரண்டும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் குறைந்தது இரண்டு சர்வராவது பேசிக்கொண்டால்தான் வேலை நடக்கும். தனித்தனியாக நின்றால் மூன்றும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு யாருக்கும் பதில் சொல்லாது. கடையில் இந்த ஏற்பாட்டுக்கு மொத்தமாக 'சர்ச்' என்று பெயர்.

அதற்குப் பாஸ்வேர்ட் கிடையாது. முகத்தைச் சுளிக்காதீர்கள். இன்றைக்கு நீங்கள் நிறுவும்போதே அது பாஸ்வேர்ட் கேட்கிறது, சான்றிதழையும் அதுவே உண்டாக்கிக்கொள்கிறது. நான் நிறுவிய பழைய பதிப்பு ஒன்றும் கேட்காது. கப்பல் பட்டறைகள் இருக்கும் செம்பவாங்குக்கும் துவாஸுக்கும் போகும் விற்பனை ஆட்கள், கைப்பேசியிலேயே தேட வேண்டும் என்றார்கள். வெளியிலிருந்து வர ஒரு வழி திறந்துவிட்டேன். பாஸ்வேர்ட் போடட்டுமா என்று கேட்டபோது கூட்டமாக ஒப்பாரி வைத்தார்கள். "ஒரு கையில ஸ்பானர், ஒரு கையில போன். பாஸ்வேர்டை மூக்கால அடிக்கவாண்ணே?" என்றார் ஒருவர். நானும் விட்டுவிட்டேன். அந்த முகவரி யாருக்குத் தெரியப் போகிறது என்ற அசட்டுத் தைரியம்தான்.

இன்னொரு தைரியமும் எங்களுக்கு இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் ஜெயந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜெயந்தி எங்கள் கவுண்டரின் மகாராணி. மன்னார்குடிப் பெண், கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தவர், பதினெட்டு வருடமாக அதே கவுண்டர். ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயருக்கும் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். யாருக்கு எந்த அளவு கேஸ்கெட், யாருக்கு எந்தக் கதவில் டெலிவரி என்று எழுதுவதற்காக நான் வைத்தது. ஜெயந்தி அதில் மனிதர்களையே எழுதி வைத்தார். அதுவும் தமிழில். ஒரு நார்வே கப்பல் இன்ஜினியருக்குக் கீழே, "எல்லாத்துக்கும் மண்டையை ஆட்டுவார், ஒண்ணும் காதுல ஏறாது, எழுதிக் கொடு" என்று இருக்கும். துவாஸ்காரர் ஒருவருக்கு, "நாளைக்குன்னு சொன்னா அடுத்த வாரம்னு அர்த்தம்." ஹாஜியாரைப் பற்றிக்கூட ஒரு குறிப்பு இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை, அவர் இதைப் படிக்கக்கூடும்.

இதெல்லாம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டேன். "யாருண்ணே படிக்கப் போறா? சீனருக்குத் தமிழ் தெரியுமா, நார்வேகாரருக்குத் தெரியுமா?" என்று சிரித்தார். நியாயமாகப் பட்டது. உலகமே தகவலை மறைக்கக் குறியாக்கம் என்று என்னென்னவோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் கம்பெனி தமிழையே பூட்டாக மாட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தது. முப்பது வருட அனுபவசாலியான நானும் அதற்குத் தலையாட்டினேன்.

அந்த நிம்மதிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வேட்டு விழுந்தது. செம்பவாங் பக்கத்தில் ஒரு கப்பல் பட்டறை எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர். அவர்களின் கொள்முதல் மேலாளரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம். உங்கள் தேடல் தரவுத்தளம் யார் தட்டினாலும் திறக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் பாஸ்வேர்டும் குறியாக்கமும் போட வேண்டும். அதுவரை எதையும் அழிக்கவோ திருத்தவோ கூடாது. மூன்று மணிக்கு எங்கள் ஆள் சோதிப்பார். கதவு திறந்திருந்தாலும், சர்ச் ஓடாவிட்டாலும், உங்களிடம் வாங்குவதை நிறுத்துவோம். கீழே கையெழுத்து, செல்வராணி.

ஜெயந்தி அந்தப் பெயரைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, செத்தேன்" என்றார்.

"ஏன், என்ன ஆச்சு?"

திரையைத் திருப்பிக் காட்டினார். செல்வராணிக்குக் கீழே அவர் எழுதியிருந்த குறிப்பு இது: "சிடுமூஞ்சி. காலைல கூப்பிட்டா வள்ளுன்னு விழும். மூணு மணிக்கு மேல கூப்பிடு, தங்கமா பேசும்."

"சரி, இதை அழிச்சிட்டா?" என்று ஆரம்பித்து நானே நிறுத்திக்கொண்டேன். அழிக்கக் கூடாது என்று கடிதத்தில் இருக்கிறது. அழித்தால் எதையோ மறைக்கிறோம் என்றாகிவிடும்.

"அவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"போன்ல ஒரு வார்த்தை தமிழ் பேசினதில்லண்ணே. எல்லாம் இங்கிலீஷ்தான். பேரு மட்டும்தான் தமிழ்."

"அப்போ எங்க வீட்டுப் பசங்க மாதிரிதான். பேச வந்தாலும் படிக்க வராது, விடு."

"படிக்கத் தெரிஞ்சா? ஒருத்தி படிச்சாலும் போச்சுண்ணே. பதினெட்டு வருஷம் இந்தக் கவுண்டர்ல மரியாதையா நின்னுட்டேன். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிக்கறது? நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவேன்." சொல்லும்போதே குரல் உடைந்தது. வேடிக்கையாக எழுதிய பெண்தான், ஆனால் பயம் வேடிக்கை இல்லை. கதவைத் திறந்து வைத்தவன் நான், மாட்டிக்கொண்டது அவர். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

எப்போது மாற்றுவது என்று யோசித்தோம். எங்கள் கடையில் வியாபாரம் அடங்கும் நேரம் ஒன்றே ஒன்றுதான், வெள்ளிக்கிழமை மதியம். ஹாஜியாரும் பாதி ஊழியர்களும் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விடுவார்கள், மீதிப்பேர் பிரியாணிக்குப் போய்விடுவார்கள். ஜும்ஆ என்றதும் கடிகாரக் கதையையும் சொல்லிவிட வேண்டும். தொழுகைக்கு யாரும் பிந்தக் கூடாது என்று ஹாஜியார் கட்டடத்தில் உள்ள எல்லாக் கடிகாரத்தையும் இருபது நிமிடம் முந்த வைத்திருந்தார். எங்களுக்கும் அது பழகிப்போய், கடிகாரத்தைப் பார்த்தவுடன் மனத்துக்குள் இருபதைக் கழித்துக்கொள்வோம். அதனால் தொழுகைக்குப் பிந்துகிறவர்கள் வழக்கம்போலப் பிந்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

வெள்ளி வந்தது. ஒன்றரை மணிக்கு மூன்று சர்வர்களையும் நிறுத்தினேன். வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும், நீட்ட மாட்டேன். மூன்றும் இனிமேல் அடையாள அட்டை மாதிரி ஒரு சான்றிதழைக் காட்டித்தான் ஒன்றோடொன்று பேசும். சான்றிதழ் சரியாக இருந்தால் உள்ளே விடும், இல்லாவிட்டால் கதவைச் சாத்தும். மூன்றும் கூடிவிட்டால் அதன் பிறகு பாஸ்வேர்ட் வைப்பது இரண்டு நிமிட வேலை. முதல் சர்வரில் உட்கார்ந்து மூன்று சர்வர்களுக்கும் சான்றிதழ் உண்டாக்கினேன். அப்போது என் கைக்கடிகாரத்தில் ஒன்று நாற்பது. மற்ற இரண்டுக்கும் அனுப்பி வைத்து, மூன்றையும் கிளப்பினேன்.

மூன்றும் எழுந்தன. ஒன்று மற்றொன்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொத்துத் தகராறு முடிந்து வந்த அண்ணன் தம்பிகள் ஒரே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

திரையில் அறுபது வரிக்குப் பிழைச்செய்தி கொட்டியது. முதல் வரியில் சான்றிதழ் ஏற்கப்படவில்லை என்று இருந்தது. அந்த ஒரு வரியைப் படித்தேன். மீதி ஐம்பத்தொன்பதைப் படித்தேனா? எங்கே படித்தேன்! ஏதோ தப்பாக உண்டாக்கிவிட்டேன் என்று முடிவு கட்டி, ஒன்று ஐம்பத்தேழுக்கு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகச் சான்றிதழ் உண்டாக்கினேன். மறுபடி அனுப்பி, மறுபடி கிளப்பினேன். அதே கதை. ஃபயர்வாலைத் திட்டினேன், கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். இரண்டு பதினைந்துக்கு மூன்றாவது முறை உண்டாக்கினேன். நடக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியது. இரண்டு முப்பத்திரண்டுக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு, நான்காவது முறை.

அந்த நேரம் ஜெயந்தி மேலே ஏறி வந்தார். "என்னண்ணே, கீழே சர்ச் வரவே இல்ல. ஆள் வந்து நிக்கறாங்க. அலமாரி அலமாரியா ஏறி இறங்கிட்டிருக்கோம்."

"வராது. ஏன் வரலைன்னு எனக்குத் தெரியல. என்னைக் கேட்காதே!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் வேலையே இதில் தொங்கிக்கொண்டிருக்கிறது, நான் அவர் மேல் பாய்கிறேன்.

அவர் அசரவில்லை. பதினெட்டு வருடம் கவுண்டரில் நின்றவருக்கு என் கத்தலெல்லாம் எம்மாத்திரம். கையைக் கட்டிக்கொண்டு திரையைப் படித்தார். நான் படிக்காமல் விட்ட அந்த ஐம்பத்தொன்பது வரிகளையும் நிதானமாகப் படித்தார், பில் சரிபார்க்கிற மாதிரி.

"அண்ணே, கடைசியில என்னமோ டைம் போட்டிருக்கு. 'நாட் பிஃபோர்'னு, ரெண்டு அம்பத்திரண்டு."

"ஆமா, சான்றிதழ் எப்போலேருந்து செல்லும்னு போட்டிருக்கும். உண்டாக்கின நேரம்."

"உண்டாக்கியாச்சா?"

"இப்போதானே உண்டாக்கினேன்!"

"இப்போ மணி ரெண்டு முப்பத்தஞ்சு." கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "அப்போ இது இன்னும் பொறக்கவே இல்லையேண்ணே. பொறக்காத புள்ளையை ஏன் ஸ்கூல்ல சேர்க்க மாட்டேங்கறீங்கன்னு ஒரு மணி நேரமா கத்திட்டிருக்கீங்களா?"

நான் உண்டாக்கியது ரெண்டு முப்பத்திரண்டுக்கு, சான்றிதழில் இருப்பது ரெண்டு ஐம்பத்திரண்டு. இருபது நிமிடம். அடப்பாவி!

முதல் சர்வரில்தான் ஊழியர் வருகைப் பதிவும் ஓடியது. பல வருடங்களுக்கு முன் ஹாஜியார் மாடியேறி வந்து, "சுவத்துல ஒரு மணி, மெஷின்ல ஒரு மணியா? எல்லாம் ஒண்ணா இருக்கணும் தம்பி" என்றார். வாதாடச் சோம்பல்பட்டு, அந்த சர்வர் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டு, இருபது நிமிடம் முந்த வைத்தவன் சாட்சாத் நானேதான். வைத்தேன், மறந்தேன். மற்ற இரண்டு சர்வர்களும் ஊர் நேரத்தில் ஓடின. அவை சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன, இந்தச் சான்றிதழ் இன்னும் நடப்புக்கு வரவில்லை என்று.

அதைவிடக் கேவலம் எது தெரியுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் சான்றிதழ் இரண்டு மணிக்குத் தானாகச் செல்லுபடியாகி இருக்கும். நான் ஒன்று ஐம்பத்தேழுக்கு அழித்தேன். இரண்டாவது, இரண்டு பதினேழுக்கு உயிர் பெற்றிருக்கும். இரண்டு பதினைந்துக்குக் கொன்றேன். மூன்றாவதும் அப்படியே, மூன்று நிமிடம் இருக்கும்போது. ஒவ்வொரு முறையும் சும்மா இருந்திருந்தால் சரியாகியிருக்கும் வேலையை, ஒவ்வொரு முறையும் பாடுபட்டு இருபது நிமிடம் தள்ளி வைத்திருக்கிறேன்.

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் அந்த இரண்டு முப்பத்தைந்துக்கு என்ன செய்வீர்கள்? முதல் சர்வரின் கடிகாரத்தைத் திருத்தினால் சரியாகாது, அந்தச் சான்றிதழ் அங்கேயும் செல்லாததாகிவிடும், அவ்வளவுதான். மற்ற இரண்டையும் முந்த வைத்தால் ஆர்டர் நேரமெல்லாம் பொய்யாகிவிடும், ஒரு பொய்க் கடிகாரம் பட்டதே போதும். நேரம் சரியாக இருக்கும் இரண்டாவது சர்வரில் புதிதாக உண்டாக்கலாம். உண்டாக்கி, அனுப்பி, மூன்றையும் கிளப்பப் பன்னிரண்டு நிமிடம். காத்திருந்தால் பதினேழு. ஐந்து நிமிடம் லாபம். என் கை தானாகக் கீபோர்டை நோக்கிப் போனது. ஏற்கெனவே நான்கு முறை அவசரப்பட்ட கை. இந்த விரலால் ஒரு எழுத்துத் தப்பினாலும் மூன்று மணி தாண்டிவிடும்.

"ஜெயந்தி, இந்தக் கீபோர்டை எடுத்துக்கிட்டுப் போ."

"எங்கேண்ணே?"

"எங்கேயாவது. என் கைக்கு எட்டாத இடத்துக்கு."

அவர் கீபோர்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் இருந்தோம். என் தொழில் வாழ்க்கையில் நான் பார்த்த மிகக் கஷ்டமான வேலை அதுதான்.

இரண்டு நாற்பதுக்கு ஹாஜியார் வந்தார், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "என்ன தம்பி, ஆச்சா?"

"ஆகும் ஹாஜியார். காத்திருக்கோம்."

"எதுக்கு?"

"மணி ஆகறதுக்கு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "யா அல்லா, மூணு ஆயிடுச்சே! இங்கே கீபோர்டை மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே!"

"அது உங்க மூணு, ஹாஜியார். ஊருக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு" என்றார் ஜெயந்தி.

அவர் வைத்த கடிகாரம் அவரையே கவிழ்த்ததை அன்றுதான் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். "நான் நல்லதுக்குத்தானே வைக்கச் சொன்னேன்" என்று கொஞ்சம் முனகினார். பிறகு கோபம் வந்துவிட்டது. "இப்போ சும்மா இருக்கறதுக்கா உனக்குச் சம்பளம்? பேசாம பழையபடி திறந்து விட்டுடு. சர்ச் ஓடட்டும். பூட்டு அப்புறம் பார்த்துக்கலாம்."

"திறந்துவிட்டா மூணு மணிக்கு அவங்க உள்ளே வந்துடுவாங்க."

"வரட்டுமே லா!" கோபம் வந்தால் அவருக்குச் சிங்கப்பூர் 'லா' ஒட்டிக்கொள்ளும். "அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். உள்ளே அப்படி என்ன இருக்கு? வாஷரும் நட்டும்தானே?"

நானும் ஜெயந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கீழேயிருந்து யாரோ, "சர்ச் வருதா இல்லையா? துவாஸ் ஆளு கத்தறாரு!" என்று கூவினார்கள். ஹாஜியார் என்னை நெருங்கி நின்றார். எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர், நல்ல மனிதர், நியாயமான அவசரத்தில் கேட்கிறார். திறந்துவிட்டால் அடுத்த நிமிடமே எல்லோரும் என்னை மெச்சுவார்கள். ஜெயந்தி மட்டும் மெச்ச மாட்டார். கீபோர்டை அவர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஹாஜியார், திறக்க மாட்டேன்" என்றேன். "ரெண்டு அம்பத்திரண்டுக்கு வரலைன்னா நான் வேலையை விட்டுடறேன். அதுவரைக்கும் உக்காருங்க." பெரிய வீரனைப் போலச் சொல்லிவிட்டேன். ஒருவேளை என் கணக்கும் தப்பாக இருந்தால்?

அவர் உட்கார்ந்தார். தஸ்பீஹ் மணியை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். ஜெயந்தி முருகா முருகா என்று முணுமுணுத்தார். நான் கடைசி வரியை ஐம்பது முறை படித்தேன். முதலில் படிக்காமல் விட்டதற்கு அபராதம்.

இரண்டு ஐம்பத்திரண்டு ஆனது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. ஏழெட்டு நொடி கழித்து இரண்டாவது சர்வர் முதலாவதைக் கண்டுகொண்டது. உடனே மூன்றாவதும் வந்து சேர்ந்தது. யாரும் தொடவில்லை, தானாகவே கூடிக்கொண்டன.

"கீபோர்டு!" என்று கத்தினேன்.

பாஸ்வேர்ட் வைக்கும்போது ஹாஜியார் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கடை போன் நம்பரையே வெச்சிடு தம்பி, யாரும் மறக்க மாட்டாங்க" என்றார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் இரண்டடி பின்னால் போய்விட்டார். இரண்டு ஐம்பத்தேழுக்கு எல்லாம் முடிந்தது. கீழே துவாஸ்காரருக்கு அவர் கேட்ட கேஸ்கெட் கிடைத்தது. மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குப் பட்டறையின் சோதனையாளர் போன் செய்தார், சீனர், கலகலப்பானவர். "அங்கிள், டோர் க்ளோஸ் ஆல்ரெடி. வெரி குட் லா" என்றார். ஜெயந்தி மடார் என்று என் முதுகில் ஓர் அடி வைத்தார். இரண்டு நாள் வலித்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்று உங்கள் மேலாளர் ஏதாவது எதிர்பார்ப்பார். பிழைச்செய்தியைக் கடைசி வரி வரை படியுங்கள். எல்லா சர்வரின் கடிகாரத்தையும் முதலில் பாருங்கள். என்ன தப்பு என்று தெரியாமல் ஒரே காரியத்தை இரண்டாவது முறை செய்யாதீர்கள், நான் நான்கு முறை செய்தேன். தெரிந்த பிறகு, சும்மா இருப்பதுதான் சரி என்றால், முதலாளியே வந்து நின்றாலும் சும்மா இருங்கள். இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். அன்று சாயங்காலம் நடந்ததை மட்டும் படிக்க முடியாது.

நான்கு மணி இருக்கும். கவுண்டருக்கு ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கழுத்தில் பட்டறையின் அட்டை. நான் பாஸ்வேர்ட் கொடுக்கக் கீழே இறங்கி வந்திருந்தேன். அவர் நேராக ஜெயந்தியிடம் போய்க் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "ஜெயந்தி நீங்கதானே?" என்றார், நல்ல தமிழில்.

"ஆமாங்க. நீங்க?"

"சிடுமூஞ்சி."

ஜெயந்தியின் முகத்தை நான் எப்படி எழுதுவது? கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. எடுக்கக்கூட இல்லை. "அக்கா, மன்னிச்சிடுங்கக்கா. நான், அது வந்து, சும்மா..." என்று என்னென்னவோ உளறினார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

"எங்கப்பா செம்பவாங் டாக்யார்டுல வேலை பார்த்தவரு. அங்கே இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துலதான் நான் படிச்சேன்" என்றார் செல்வராணி. "வள்ளுன்னு விழும்னு எழுதியிருக்கீங்க. நாயா நான்?"

"ஐயோ, இல்லக்கா!"

"சரி, அதை விடுங்க. மூணு மணின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ஜெயந்தி எச்சிலை விழுங்கினார். "பதினோரு மணிக்குக் கூப்பிட்டா திட்டுவீங்க. மூணு மணிக்கு மேல கூப்பிட்டா, 'ஹேவ் யூ ஈட்டன்'னு நீங்களே கேப்பீங்க. எப்பவும் அப்படித்தான் இருந்துச்சு. அதான் குறிச்சு வெச்சேன்."

செல்வராணி கவுண்டரில் ஊன்றிய கையை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்கம்மாவுக்கு மறதி நோய். தினம் காலைல வயசானவங்க டே கேர்ல விட்டுட்டு வர்றேன். போக மாட்டேன்னு என் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுவாங்க. பிச்சுக்கிட்டு வரணும். மூணு மணிக்கு என் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து மெசேஜ் போடுவா. அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வரும். ஆபீஸ்ல யாருக்கும் இது தெரியாது, பத்து வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது. நீங்க போன்லயே கண்டுபிடிச்சிருக்கீங்க."

ஜெயந்தி அழுதுவிட்டார். திறந்து கிடந்த அந்தக் கதவு வழியே யாருடைய காலைநேரம் தெரிந்துகொண்டிருந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

சமாளித்துக்கொண்டு கேட்டேன். "மேடம், தப்பு என்னுதுதான். ஆனா மூணே நாள் டைம் கொடுத்துட்டீங்களே. ஒரு வாரம் கொடுத்திருக்கக் கூடாதா?"

"கொடுத்திருப்பேன்" என்றார். "எங்க டெஸ்ட் பண்றவரு அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கிட்டு வந்து, 'இது உங்க பாஷைதானே, உங்க பேருக்குக் கீழே என்ன எழுதியிருக்கு'ன்னு கேட்டாரு. பம்ப் ஆயில் சீல் பத்தின குறிப்புன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அப்புறம் என்ன அவசரம்?"

செல்வராணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"திங்கட்கிழமை அவரு டீம்ல புதுசா ஒருத்தர் சேர்றாரு. மதுரைக்காரர்."